ஜப்பான் மணிக்கு ஒரு முகூர்த்தம்

எஸ்டேட்லேர்ந்து சிரம்பான் பக்கம் போகணும். அவ்வளவுதான் வேலை.

பெரிய ரோடு ஒண்ணே ஒண்ணு. வழி தவற வாய்ப்பே கிடையாது. முதல்ல மந்தின் டவுனு, அதத் தாண்டினா வளைஞ்சு வளைஞ்சு ஏறுற மலை ரோடு, இறங்கினா தெமியாங், அங்கேர்ந்து எட்டிப் பாத்தா சிரம்பான். எங்க ஆளுங்க கூடையத் தலையில வெச்சுக்கிட்டு ஊர்க்கத பேசிக்கிட்டே நடந்து போயிட்டு வருவாங்க.

நான் போனது என் கல்யாணத்துக்கு.

ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்காரத் தொரை கப்பல் ஏறிட்டாரு. ரப்பர் வாங்க ஆளில்ல. மரமெல்லாம் சும்மா நிக்குது, நாங்க நடுவுல மரவள்ளி நட்டுத் தின்னுக்கிட்டு இருந்தோம். நான் எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கெழுதுற சின்னக் கிராணி. எழுதுறதுக்கு ஒண்ணுமில்லாத ஆபீஸ்ல கிராணி என்ன பண்ணுவான்? திட்டம் போடுவான்.

எனக்கு அந்த வியாதி சின்ன வயசுலேர்ந்தே உண்டு. குளிக்கப் போனாக்கூட வாளிய எந்தக் கையில தூக்கறதுன்னு யோசிச்சிட்டுத்தான் போவேன். அப்படிப்பட்டவன் கையில ஒரு கல்யாணப் பயணம் கிடைச்சா விடுவானா?

அம்மா அப்பா இல்லாத என்ன வளத்தது எங்க அக்கா செல்லம்மா. அவ அப்பவே சொன்னா.

"டேய் தம்பி, சொந்தக்காரங்க எல்லாம் முந்தின நாளே நடந்து போறாங்க. நாமளும் அவங்களோடயே போயிறலாம்லா. எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"கிராணி மாப்பிள்ள புழுதிக் காலோட வந்தான்னு ஊரு பேசும்க்கா. நாம காருல போறோம்."

"காரா! பெட்ரோலுக்கு எங்கடா போவ?"

"பெட்ரோல் எதுக்கு? கரி இருக்கே!"

உண்மதான். மந்தின்ல தவுக்கேன்னு கூப்பிடுற சீன முதலாளி ஒருத்தர்கிட்ட பழைய காரு ஒண்ணு இருந்துச்சு. பின்னால பெரிய டிரம்மு ஒண்ணக் கட்டி, அதுல அடுப்புக்கரியப் போட்டு எரிச்சு, அந்தக் காத்துல இஞ்சின ஓட்டுற வண்டி. அந்தக் காலத்துல பஸ்ஸே அப்படித்தான் ஓடுச்சு. தவுக்கே காரையும் குடுத்து, அத ஓட்டத் தெரிஞ்ச டிரைவர் மாணிக்கத்தையும் குடுத்தாரு.

நான் இவ்வளவு மெனக்கெட்டதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. பொண்ணு பேரு ராஜம். தெமியாங்கில இருக்கிற ரயில்வேக்காரர் ஒருத்தரோட மக. பொண்ணு பாக்கப் போனப்ப கோப்பித் தம்ளர என்கிட்ட நீட்டி, "சூடா இருக்கு, பாத்து" அப்படின்னா. அவ்வளவுதான் பேச்சு. எனக்குத் தூக்கம் போச்சு. அவள விட்டா எனக்கு வேற யாரும் வேணாம்னு மனசு அன்னைக்கே முடிவு பண்ணிருச்சு.

ஆனா ராஜத்துக்கு முறைமாப்பிள்ள ஒருத்தன் இருந்தான். தாய்மாமன் மகன், கோவிந்தன். நல்ல உயரம். நல்ல மீசை. என்கிட்ட ரெண்டும் கிடையாது.

நிச்சயத்தன்னைக்கே அந்த மாமன் எல்லார் காதும் கேக்கச் சொல்லிட்டாரு.

"காலம் கெட்டுக் கெடக்கு. வயசுப்பொண்ண மணவறை வரைக்கும் கூட்டிவந்து சும்மா திருப்பி அனுப்ப மாட்டோம். முகூர்த்தத்துக்குள்ள மாப்பிள்ள வரலன்னா, என் மவன் குளிச்சு முழுகி ரெடியா இருப்பான்!"

கோவிந்தன் மீசையத் தடவிக்கிட்டான். அன்னைக்கு ஆரம்பிச்சுது என் திட்டம்.

முதல் பிரச்சன மணி. ஜப்பான்காரன் வந்ததும் எல்லாக் கெடிகாரத்தையும் ஒன்றர மணி நேரம் முன்னால தள்ளி வைக்கச் சொல்லிட்டான். டோக்கியோவுல என்ன மணியோ மந்தின்லயும் அதுதான் மணி! கோழி எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஆளுங்க பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரிசையா நிப்பாங்க. ஆபீஸ்ல ஜப்பான் மணி, வீட்டுல பழைய மணி. ஒருத்தன் ஒரு நேரம் சொன்னா, "எந்த மணி?"ன்னு கேக்காம யாரும் நகர மாட்டாங்க.

இந்தக் குழப்பமே வேணாம்னு நான் தீர்ப்பு சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒரே மணி. ஜப்பான் மணி!"

பொண்ணு வீட்டுக்கும் அப்படியே ஆள்கிட்ட சொல்லி அனுப்பினேன். மாமனாரு ரயில்வேக்காரர், ரயிலு ஜப்பான் மணிக்குத்தான் ஓடுது, அவருக்கு ரொம்ப சந்தோஷம். "மாப்பிள்ளைக்கு மூளை இருக்கு"ன்னு பதில் சொல்லி அனுப்பினாரு. நான் ஒரு வாரம் அந்த வார்த்தையச் சொல்லிக்கிட்டே திரிஞ்சேன்.

கல்யாணம் திங்கக்கிழமை. திங்கக்கிழமைன்னா ராகு காலம் ஏழரையிலேர்ந்து ஒம்போது. அது முடிஞ்சதும் ஒம்போதுலேர்ந்து பத்தர வரைக்கும் முகூர்த்தம். ஆக ஏழரைக்கு முன்னாடி வீட்ட விட்டு இறங்கிறணும். ஒரு மணி நேரத்துல தெமியாங். மீதி நேரம் மாப்பிள்ள முறுக்கோட உக்காந்திருக்க வேண்டியதுதான். ஆபீஸ் கதவுக்குப் பின்னாடி சாக்கட்டியில ரோட்டையே வரைஞ்சு வெச்சிருந்தேன். மலை வளைவுக்கெல்லாம் அம்புக்குறி வேற!

கரிய மட்டும் எங்க வெக்கிறதுன்னு திட்டத்துல இல்ல. ஆபீஸுக்கு வெளிய கொட்டி வெச்சேன். முந்தின நாள் நல்ல மழை.

காலையில மாணிக்கம் டிரம்ம மூட்டுறாரு, மூட்டுறாரு, புகைதான் வருது.

"கிராணியாரே, கரி குளிச்சிருச்சு. நீங்க குளிச்சாச்சா?"

"நான் குளிச்சு மாலையும் போட்டாச்சு! வண்டிய எடுங்கய்யா!"

"வண்டி எடுக்கணும்னா கரி காயணும்ல?"

அடுப்படியில கெடந்த கரியெல்லாம் அள்ளிப் போட்டு, மாணிக்கம் விசிறியச் சுத்தி, ஒருவழியா இஞ்சின் இருமி எந்திரிச்சுச்சு. நான் ஒரு காலத் தூக்கி வாசப்படியத் தாண்டப் போறேன். அக்கா குறுக்க கையப் போட்டா.

"ஏழரை ஆயிருச்சு. உள்ள போடா."

"அக்கா, காரு நிக்குதுக்கா!"

"நிக்கட்டும். ராகு காலத்துல தாலி கட்டப் போறவன் படி தாண்டக் கூடாது."

உள்ள போயி உக்காந்தேன். மாலையோட, தலப்பாகையோட. வெளிய மாணிக்கம் இஞ்சின அணைக்கவும் முடியாம ஓட்டவும் முடியாம கரியப் போட்டுக்கிட்டே இருக்காரு. போனா போகுது, ஒம்போதுக்குக் கிளம்பினாலும் பத்தரைக்குள்ள தெமியாங் போயிறலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

ஆபீஸ் கெடிகாரம் ஒம்போது காட்டினதும் கிளம்பினோம். நான் முன்னால, அக்கா பின்னால, அவ மடியில தாலித் தட்டு. வண்டி ஓடுச்சு! எஸ்டேட் சனங்க கையாட்டுது. நான் துரை மாதிரி தலைய ஆட்டினேன்.

மந்தின் வந்ததும் இஞ்சினுக்குத் தண்ணி ஊத்தணும்னு மாணிக்கம் காதர் நானா கடை முன்னால நிப்பாட்டினாரு. மந்தின்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சாப்பாட்டுக் கடை. தண்ணி ஊத்தற நேரத்துல அக்கா சும்மா கடைக்குள்ள எட்டிப் பாத்தா. செவுத்துல ரெண்டு கெடிகாரம். ரெண்டும் ஓடுது. ரெண்டும் வேற வேற நேரம்.

"என்ன நானா, எதுக்கு ரெண்டு?"

"அது ஜப்பான்காரனுக்கு, தங்கச்சி. மாத்தி வெக்கலன்னா கடைய மூடிருவான். இது தொழுகைக்கு, பழைய மணி. தொழுக பொழுதப் பாத்துத்தானே? சூரியன் டோக்கியோக்காரன் பேச்சக் கேக்குமா?"

நானா சிரிச்சாரு. மாணிக்கம் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

அக்கா சிரிக்கல. மெதுவாத் திரும்பி என்னப் பாத்தா.

"அப்ப ராகு எந்த மணியப் பாப்பாரு?"

கடையில இருந்தவங்க எல்லாரும் கோப்பியக் கீழ வெச்சிட்டு என்னப் பாத்தாங்க.

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். ராகு காலமும் ஒன்றர மணி நேரம். ஜப்பான்காரன் தள்ளி வெச்சதும் ஒன்றர மணி நேரம். ஜப்பான் மணி ஒம்போதுன்னா பழைய மணிக்கு ஏழர! வீட்டுல அடைஞ்சு கெடந்தப்ப ராகு காலமே இல்ல. அது முடிஞ்சதுன்னு நாங்க எப்பக் கிளம்பினோமோ, சரியா அப்பத்தான் நெசமான ராகு காலம் ஆரம்பிச்சிருக்கு!

"அது வந்துக்கா... பஞ்சாங்கம் எழுதினவங்களுக்கு ஜப்பான்காரன் வருவான்னு தெரியாதுல..."

"வாய மூடு. எறங்கு."

"அக்கா, அங்க முகூர்த்தம் ஓடிக்கிட்டிருக்கு! எல்லாரும் ஜப்பான் மணியில உக்காந்திருக்காங்க!"

"ராகு உக்காரல. எறங்குடா!"

எறங்கினேன். வீட்டிலேர்ந்து கிளம்பினது செல்லாதுன்னு அக்கா சொல்லிட்டா. ராகு முடிஞ்சப்புறம் இங்கேர்ந்து புதுசாக் கிளம்பணுமாம். கிளம்பறதுக்கு ஒரு வீடு வேணும்ல? காதர் நானா கடைதான் மாப்பிள்ள வீடு!

நானா நல்ல மனுசன். நடுவுல இருந்த பெஞ்சத் தொடச்சு என்ன உக்கார வெச்சாரு. மரவள்ளியக் கருக்கிப் போட்ட கோப்பி ஒண்ணு குடுத்தாரு. வந்த போன சனமெல்லாம், "யாரு கல்யாணம் நானா?"ன்னு கேட்டுட்டு என்ன ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுப் போச்சு.

நான் செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தக் கெடிகாரத்துல ராகு காலம் போகுது. அந்தக் கெடிகாரத்துல என் முகூர்த்தம் போகுது. அந்தக் கெடிகாரம் பத்தரையத் தொட்டுச்சு. ஜப்பான் மணியையே பிடிங்கன்னு பொண்ணு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினதே நான்தானே? அங்க கோவிந்தன் மீசையத் தடவிக்கிட்டு எந்திரிக்கிறது எனக்கு இங்கேர்ந்தே தெரிஞ்சுது.

ராகு முடிஞ்சுது. அக்கா எனக்குத் திருநீறு பூசினா. நானா வாசல்ல நின்னு, "நல்லபடியாப் போயிட்டு வாங்க கிராணியாரே"ன்னு வழியனுப்பினாரு. நான் வலது கால எடுத்து வெச்சு வெளிய வந்தேன்.

மாணிக்கம் டிரம்மத் திறந்து பாத்துட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. நெருப்பு செத்துப்போச்சு!

"எவ்வளவு நேரம்யா கரியப் போட்டுக்கிட்டே இருப்பேன்? எல்லாம் ராகுவுக்கே எரிஞ்சு போச்சு."

நானா அடுப்பிலேர்ந்து கங்கு எடுத்துப் போட்டோம். இந்தத் தடவ விசிறி சுத்தினது மாப்பிள்ள. வண்டி கிளம்புச்சு. மலை ரோட்டுல முதல் வளைவு ஏறுச்சு. ரெண்டாவது வளைவுல முனகிக்கிட்டே நின்னு, பின்னால உருள ஆரம்பிச்சுது.

"தள்ளுங்க!"ன்னாரு மாணிக்கம்.

"நான் தள்ளணுமா?"

"அக்காவா தள்ளும்?"

வேட்டிய மடிச்சுக் கட்டினேன். பின்னால எங்க கையப் போட்டுத் தள்றது? டிரம்முதான் இருக்கு. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் கரி. தலப்பாகையச் சுருட்டிக் கையில வெச்சுக்கிட்டு தள்ளினேன். வியர்வையத் தொடச்சேன், அதுவும் கரி. ஆபீஸ் கதவுல நான் அம்புக்குறி போட்ட ஒவ்வொரு வளைவையும் தோளால தெரிஞ்சுக்கிட்டேன்.

அக்கா உள்ள உக்காந்து, "சாமிய நெனச்சுக்கிட்டே தள்ளுடா"ன்னா.

சாமிய நெனைக்கல. ராஜத்த நெனச்சேன். அவ ஒருத்திக்காகத்தான் அந்த வண்டி மேல ஏறுச்சு.

உச்சியத் தாண்டினதும் வண்டி தானா ஓடுச்சு. நாங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே எறங்கினோம். தெமியாங்குக்குக் கொஞ்சம் முன்னால ஜப்பான்காரன் காவல். அங்க எல்லாரும் எறங்கி, இடுப்பு வளையக் குனிஞ்சு கும்பிட்டுட்டுத்தான் போகணும்.

குனிஞ்சேன். அவசரத்துல கட்டின தலப்பாகை அவுந்து அவன் பூட்ஸ் மேலயே போயி விழுந்துச்சு.

அவன் என்னவோ கத்தினான். நான் எடுக்கக் குனிஞ்சேன். விட்டான் ஒரு அற!

அந்தக் காலத்துல அங்க நிறுத்தின ஆளு வீடு திரும்பாம இருந்ததும் உண்டு. அவன் என் மாலையப் பாத்தான், கரி மூஞ்சியப் பாத்தான், அக்கா மடியில மஞ்சளும் தேங்காயும் இருந்த தட்டப் பாத்தான். திடீர்னு சிரிச்சான். இன்னொருத்தனக் கூப்பிட்டுக் காட்டினான். ரெண்டு பேரும் சிரிச்சு முடிச்சு, போன்னு கையக் காட்டினாங்க.

அவன் கையக் காட்டினப்ப முழங்கை வரைக்கும் வாச்சு. யார் யார்கிட்ட புடுங்கினதோ! ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரம்.

வண்டியில ஏறினதும் அக்கா காதோரமாக் கேட்டா. "அதுல பழைய மணி எதுடா?"

கன்னம் நல்லா எரிஞ்சுது. கரி இருந்ததால செவந்தது யாருக்கும் தெரியல.

தெமியாங்ல பொண்ணு வீடு. பந்தல் இருக்கு, சனம் இருக்கு, மேளச் சத்தம் இல்ல. முந்தின நாள் நடந்து வந்த என் சொந்தக்காரங்க மூலையில மரவள்ளி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் உள்ள நுழைஞ்சேன். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. யாரோ கரி மூட்டை எறக்க வந்த ஆளுன்னு வழி விட்டாங்க.

மணவறைக்குப் பக்கத்துல கோவிந்தன். புது வேட்டி. திருநீறு. மீசையில எண்ண மின்னுது. அவன் அப்பா, மாமனாரு தோள்ல கையப் போட்டுப் பேசிக்கிட்டு இருந்தாரு.

"பத்தர அடிச்சு எவ்வளவு நேரமாச்சு மச்சான்? முகூர்த்தம் முடிஞ்சிருச்சு. கிராணிய ஜப்பான்காரன் வழியில பிடிச்சு ரயில் ரோடு போட சயாமுக்கு அனுப்பிட்டானோ என்னவோ. இனிமே காத்திருந்து என்ன பண்றது? என் மவன உக்கார வெப்போம்."

மாமனாரு கண்ணுல தண்ணி. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் லேட்டாயிட்டேன்னு கோவப்படுவாங்கன்னுதான் வழியெல்லாம் பயந்தேன். அவங்க நான் உசுரோட இருக்கேனான்னு பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க. சயாம் ரயில் வேலைக்குப் போன எங்க ஆளுங்க எத்தனையோ பேரு திரும்பல. அந்த நிமிசம் எனக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சு.

பேசலாம்னு வாயத் தொறந்தேன். புகையில தொண்ட கட்டிக்கிட்டு இருமல்தான் வந்துச்சு.

அதுக்குள்ள ரூம்புக்குள்ளேர்ந்து ஒரு பொண்ணு குரல்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். முகூர்த்தம் முடிஞ்சிருச்சுன்னா கோவிந்தத்தானுக்கு மட்டும் எப்படி மிச்சம் இருக்கு?"

கல்யாணப் பொண்ணு பேசுது!

மாமன் தடுமாறினாரு. "அது... ஜப்பான் மணிக்குத்தான்மா முடிஞ்சுது. பழைய மணிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. அதுக்குள்ள கட்டிறலாம்."

"பழைய மணிக்கு இன்னும் இருக்குன்னா அவரும் இன்னும் லேட்டாகல. அது முடியற வரைக்கும் காத்திருக்கலாம்ல?"

தாலி எடுத்துக்குடுக்க வந்த பண்டாரம் எழுந்து நின்னாரு. "பொண்ணு சொல்றது சரிதான். எந்த மணின்னு முடிவு பண்ணுங்க. நான் அப்பவே ரெடி."

அப்பத்தான் எனக்கு இருமல் நின்னுச்சு. "நான் வந்துட்டேன்!"

எல்லாரும் திரும்பினாங்க. மாமனாரு என்ன மேலயும் கீழயும் பாத்தாரு.

"மாப்பிள்ளயா? என்ன இது கோலம்?"

"காருல வந்தேன் மாமா."

கோவிந்தன் தோள்ல இருந்த துண்ட உதறினான். "வந்துட்டீங்களா?"ன்னு ஒரே வார்த்த. அதுல இருந்த வருத்தம் இன்னைக்கும் எனக்குக் காதுல இருக்கு. பாவம், விடியக்காலையிலேர்ந்து மூணு தடவ குளிச்சிருக்கான்.

முகங்கழுவக்கூட நேரம் குடுக்கல. கரி மூஞ்சியோட உக்காந்து, கரிக் கையோட தாலி கட்டினேன். பழைய மணிக்கு முகூர்த்தம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. மேளக்காரன் தூங்கி எழுந்து வாசிச்சான். அக்கா அழுதா. நானும் அழுதேன், கன்னத்துல ரெண்டு வெள்ளைக் கோடு விழுந்துச்சுன்னு அப்புறம் சொன்னாங்க.

சாப்பாட்டுப் பந்தியில ராஜம் பக்கத்துல உக்காந்திருந்தா. தலைய நிமுத்தாமலே கேட்டா.

"வீட்டுக்கு எப்பக் கிளம்பணும்?"

எனக்குப் பழைய உசுரு திரும்பி வந்துருச்சு. நிமிந்து உக்காந்தேன். "அது வந்து, நான் ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டிருக்கேன். சரியா மூணரைக்கு..."

"எந்த மணியில?"

நான் எலையப் பாத்தேன்.

"சாப்பிடுங்க. நான் சொல்றப்பக் கிளம்பலாம்."

இத்தன வருசமா அவ சொல்றப்பத்தான் கிளம்பறேன், ஒரு தடவகூட லேட்டானதில்ல.